நெல்லை வீடுகளின் காலை உணவு: ஒரு வரலாறு

திருநெல்வேலியிலும் தாமிரபரணி ஆற்றுச் சமவெளியிலும் அன்றாட வீட்டுச் சமையல், குறிப்பாகக் காலை உணவு, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது. நெல்லை உணவு என்றதும் அல்வாவும் சொதியும் நினைவுக்கு வருகின்றன. சொதி திருமண வீட்டின் மறுநாள் விருந்துக்குரியது. அல்வா கடையில் வாங்குவது. வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் வீட்டில் பொழுது விடிந்ததும் உண்ட உணவு இவற்றிலிருந்து வேறானது. அதன் வரலாறு நெல், விறகு, கல் ஆகியவற்றோடும் பெண்களின் நேரத்தோடும் பின்னிப் பிணைந்தது.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. காலையில் எளிதாக முடிந்த உணவு எதுவும் உழைப்பின்றி வந்ததில்லை. அதற்கான உழைப்பு முந்தின இரவிலோ, கோடை வெயிலிலோ, பின்னாளில் இயந்திரத்திலோ, பள்ளிச் சமையற்கூடத்திலோ நடந்து முடிந்திருந்தது. அந்த உழைப்பு யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதே நெல்லைக் காலை உணவின் கதை.

ஆறும் நெல்லும்

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளியில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் இந்த ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டின் நீரும் இந்த ஆற்றுக்குக் கிடைப்பதால் இங்கு கார், பிசானம் என இரண்டு நெற்பருவங்கள் அமைந்தன. கார் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவம். பிசானம் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடையாகும்.

இப்பள்ளத்தாக்கில் நெல்லின் பழமைக்குத் தொல்லியல் சான்று உண்டு. திருவைகுண்டம் அருகிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல், கரிமக் காலக்கணிப்பில் பொ.மு. 1155-ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கண்டறியப்பட்டது. இம்முடிவு 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு இறந்தவருடன் நெல்லை வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆற்றுப்பாசனம் பெற்ற நிலம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரம் கரிசல் காடு. அங்கே கம்பும் சோளமும் விளைந்தன. தெற்கே சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரம் பனையை நம்பிய செம்மணல் தேரி. 1986-இல் தூத்துக்குடி மாவட்டமும் 2019-இல் தென்காசி மாவட்டமும் பிரிக்கப்படும் வரை இந்த மூவகை நிலங்களும் ஒரே மாவட்டமாக இருந்தன. ஆற்றங்கரையில் வெறும் ‘சோறு’ எனப்பட்டது கரிசல் ஊர்களில் ‘நெல்லுச்சோறு’ எனத் தனிப்பெயர் பெற்றது. அங்கே அது திருநாளுக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரிய உணவு. அன்றாடம் கம்பஞ்சோறும் சோளச்சோறும் கூழுமே.

பழையது

சமவெளியின் பழைய காலை உணவு பழையசோறு. வீட்டில் ‘பழையது’ என்று மட்டும் சொன்னாலே போதும். இரவு மிஞ்சிய புழுங்கலரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால், விடியும்போது அது இலேசாகப் புளித்திருக்கும். லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் இந்த நொதித்தலைச் செய்கின்றன. காலையில் உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்து, சின்ன வெங்காயம், மோர்மிளகாய் வத்தல், சுட்ட கருவாடு, முந்தின நாள் சுண்டக்குழம்பு இவற்றில் ஏதேனும் ஒன்றை வெஞ்சனமாக வைத்து உண்டனர். மேலே தெளிந்த நீராகாரத்தைத் தனியே குடித்தனர்.

பழையது நிலைபெற்றதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. நாளுக்கு ஒருமுறை அடுப்பு மூட்டினால் இரண்டு வேளைக்குச் சோறு கிடைத்தது. விறகும் நேரமும் மிச்சமாயின. வயலுக்குப் போகிறவர்கள் விடியுமுன் புறப்பட வேண்டியிருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆண்களோடு பெண்களும் போயினர். அவர்களுக்குக் காலையில் அடுப்பு மூட்டாமலே உணவு ஆயத்தமாக இருக்க வேண்டும். வெயிலில் உழைக்கும் உடலுக்கு நீரும் உப்பும் தந்ததும் பழையதே.

ஆயினும் அந்தச் சோறு பானைக்கு வருமுன் நீண்ட வேலை இருந்தது. நெல்லை அவித்து, காயவைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து அரிசியாக்க வேண்டும். அரிசி ஆலைகள் பரவும்வரை இது ஏறத்தாழ முழுவதும் பெண்களின் வேலை. வசதியான வீடுகளில் கூலிக்கு நெல் குத்த ஆள் வந்தார்கள். கூலியும் பெரும்பாலும் நெல்லாகவோ அரிசியாகவோ அளக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகியபோது வீட்டுப் பெண்களின் சுமை குறைந்தது. அதே வேளையில் குத்துக்கூலியை நம்பியிருந்த பெண்கள் வருமானம் இழந்தனர்.

தேரிக்காட்டில் காலை வேறுவிதமாகத் தொடங்கியது. பனையேறும் ஆண்கள் இருட்டிலேயே மரமேறிப் பதநீர் இறக்கினர். பெண்கள் அதைப் பெரிய பாத்திரங்களில் மணிக்கணக்கில் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். பருவ காலத்தில் பதநீரும், அதில் அரிசியோ பயறோ இட்டுக் காய்ச்சிய கஞ்சியும் வீட்டாருக்குக் காலை உணவாயின. பனைத்தொழில் செய்த மக்களின் வாழ்க்கையைப் பற்றி ராபர்ட் கால்டுவெல் 1849-இல் தனி நூல் எழுதினார். மேலப்பாளையம், காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் இடியாப்பமும் ‘ஆணம்’ எனப்படும் குழம்பும் இடம்பெற்றன.

ஒரே பானையில் முடிகிற சோறு

நெல்லைச் சமையலில் சோறு, குழம்பு, கூட்டு எனத் தனித்தனியே சமைக்காமல் எல்லாவற்றையும் ஒரே பானையில் முடிக்கும் உணவுகள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானவை உளுந்தஞ்சோறும் கூட்டாஞ்சோறும்.

உளுந்தஞ்சோற்றில் தோல் நீக்காத உடைத்த கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசி, வெந்தயம், பூண்டு, தேங்காய்த் துருவல் சேர்த்து வேகவைப்பார்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத்துவையல். உளுந்து புரதம் தருவதால் பருப்புக்கென்று வேறு குழம்பு தேவையில்லை. வளரும் பெண்பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உளுந்து நல்லது என்ற நம்பிக்கை இப்பகுதியில் வலுவாக உள்ளது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களியும் அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியே.

கூட்டாஞ்சோறு அரிசியும் துவரம்பருப்பும் வேகும்போதே கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை எனக் கையில் கிடைக்கும் காய்கீரைகளைப் போட்டு, தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் அரைத்துக் கலந்து, புளிக்கரைசல் ஊற்றி இறக்கும் உணவு. அப்பளமோ கூழ்வத்தலோ இருந்தால் போதும். காயின் அளவு குறைந்தாலும் கூடினாலும் கெடாத சமையல் இது. வாரக் கடைசியில் கூடையில் மிஞ்சிய காய்கள் இதற்குள் அடங்கிவிடும். ஆள் கூடுதலாக வந்தால் அரிசியைக் கூட்டிக்கொள்ளலாம்.

கோடையில் சேர்த்து வைத்தவை

தினமும் வெஞ்சனம் செய்யும் வேலையைக் கோடை குறைத்தது. சித்திரை, வைகாசி வெயிலில் மாடியிலும் முற்றத்திலும் பாய் விரித்துக் கூழ்வத்தல், மோர்மிளகாய், சுண்டைவத்தல், சீனியவரைக்காய் வத்தல், அடமாங்காய் ஆகியவற்றை உலர்த்தினார்கள். ஓரிரு வாரம் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்த வேலை ஆண்டு முழுவதும் அவசர நாள்களுக்கு உதவியது. மழைக்காலத்தில் காய் கிடைக்காதபோதும் வீட்டில் ஒருவர் நோயுற்றபோதும் வத்தல் ஜாடிதான் கைகொடுத்தது.

பொடிகளும் துவையல்களும் இதே வகையைச் சேர்ந்தவை. பருப்புப்பொடி இருந்தால் சூடான சோறும் நல்லெண்ணெயும் ஒரு வேளைக்குப் போதும். கொள்ளு நெல்லையில் ‘காணம்’ எனப்படுகிறது. வறுத்த காணத்தில் தேங்காயும் புளியும் வைத்து அரைக்கும் காணத்துவையல் பழையதுக்கும் சுடுசோற்றுக்கும் பொருந்தும். பச்சைமிளகாயைப் புளியில் வதக்கிச் சுண்டச் செய்யும் புளிமிளகாய் சில நாள்கள் கெடாமல் இருப்பதால், இட்லி தோசைக்கு அன்றன்று சட்னி அரைக்கும் வேலையை மிச்சப்படுத்தியது.

ரயில், ஆலைச்சங்கு, காப்பி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் நெல்லையின் காலைப்பொழுதுக்குள் கடிகாரம் நுழைந்தது. 1876-இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் நீர்விசையைப் பயன்படுத்தி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலையை நிறுவினர். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகள் பெருகின. சாரா டக்கர் கல்லூரி பெண்களின் உயர்கல்விக்கு வழி திறந்தது. அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாக வேலைக்குச் சென்றனர்.

வயல் வேலைக்கு விடியல் போதுமான குறியாக இருந்தது. ஆலைச்சங்குக்கும் பள்ளி மணிக்கும் நிமிடக் கணக்கு இருந்தது. ஆலைத் தொழிலாளி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனார். பள்ளி அல்லது அலுவலகம் செல்வோர் இருந்த வீடுகளில் மதிய உணவையும் காலையிலேயே கட்டித்தர வேண்டியதாயிற்று. இதனால் ஒரே அடுப்பில், ஒரே வேளையில், இரண்டு வேளை உணவு ஆயத்தமாக வேண்டியிருந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு போன்ற கட்டுச்சோறுகள் முன்பு பயணத்துக்கும் கோயில் பிரசாதத்துக்கும் உரியவை. இப்போது அவை அன்றாடத்துக்கு வந்தன.

இதே காலத்தில் காப்பி நடுத்தர வர்க்க வீடுகளில் நீராகாரத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இம்மாற்றத்தை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்துள்ளார். காப்பி குடிக்கும் வீட்டில் பழையது தாழ்வாகக் கருதப்பட்டது. பாலும் சர்க்கரையும் வாங்க இயலாத வீடுகளில் கருப்பட்டிக் காப்பி பரவியது. தேரியின் கருப்பட்டியும் மலைத்தோட்டத்தின் காப்பித்தூளும் சேர்ந்த அந்தப் பானம் இன்றும் நெல்லையின் அடையாளமாக நிற்கிறது.

பங்கீடும் கோதுமையும்

ஆற்றுப்பாசனப் பகுதியும் உணவுத் தட்டுப்பாட்டுக்குத் தப்பவில்லை. சென்னை மாகாணம் பர்மா அரிசி இறக்குமதியைச் சார்ந்திருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த வரத்து நின்றது. உணவுக் கட்டுப்பாடும் பங்கீட்டு முறையும் நடைமுறைக்கு வந்தன. 1952-இல் ராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதற்குப் பின்னும் தட்டுப்பாடு பலமுறை திரும்பியது. 1967 தேர்தலில் அரிசி விலை பெரும் பிரச்சினையாக இருந்தது.

பங்கீட்டுக் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கிடைத்த கோதுமையும், பின்னர் அமெரிக்க உதவியாக வந்த கோதுமையும் பழக்கமில்லாத வீடுகளுக்குள் நுழைந்தன. பலர் அதை விருப்பமின்றியே ஏற்றனர். கோதுமைச் சோறும் கோதுமைக் கஞ்சியும் தட்டுப்பாட்டின் நினைவாகவே நின்றுவிட்டன. ஆனால் ரவை உப்புமாவும் கோதுமை தோசையும் தங்கிவிட்டன. இரவே ஊறவைக்காமல், அரைக்காமல், கால் மணி நேரத்தில் முடியும் உணவு அவை. திடீரென விருந்தாளி வந்தால் உப்புமா என்ற வழக்கத்துக்கு இதுவே அடிப்படை.

இட்லி அன்றாடமான விதம்

இட்லியின் பெயரை ஒத்த சொற்கள் பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான ‘வட்டாராதனெ’யிலும் பன்னிரண்டாம் நூற்றாண்டு வடமொழி நூலான ‘மானசோல்லாச’த்திலும் காணப்படுகின்றன. இவ்வளவு பழமையான உணவு நெல்லையின் பெரும்பாலான உழைக்கும் வீடுகளில் அன்றாட உணவானது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். அதற்குமுன் அங்கே தீபாவளி, பொங்கல், கோயில் கொடை போன்ற நாள்களிலும் பிள்ளைகளுக்கு உடல்நலமில்லாத நாள்களிலும் மட்டுமே இட்லி அவிந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உளுந்தின் விலை. இரண்டாவது, ஆட்டுரல். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் மணிக்கணக்காக ஊறவைத்து, தனித்தனியே ஆட்ட வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு மாவாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ள, இடுப்பும் தோளும் வலிக்கும் வேலை. பகல் முழுதும் நடவு நட்டவருக்கும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி பெற்ற முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பகுதிப் பெண்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் கூலியிழப்பு. வீட்டிலேயே இருந்து பீடி சுற்றியதால் அவர்கள் வேலையில் இருப்பது வெளியாருக்குத் தெரியவில்லை. சமையலும் பீடித்தட்டும் ஒரே கூரையின்கீழ் ஒரே பெண்ணின் நேரத்துக்குப் போட்டியிட்டன.

1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நெல்லை விளைவித்த ஆறு இனி மின்சாரமும் தந்தது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். கிரைண்டர் எனப் பெயர் பெற்ற அது முதலில் உணவகங்களுக்கும் கூலிக்கு மாவரைக்கும் கடைகளுக்கும் சென்றது. பின்னர் வசதியான வீடுகளுக்கு வந்தது. மிக்சி அம்மியின் வேலையை எடுத்துக்கொண்டது. பிரஷர் குக்கரும் சமையல் எரிவாயுவும் விறகடுப்பின் புகையைக் குறைத்தன. குளிர்பதனப் பெட்டி வந்தபின் வாரத்துக்கு ஒருமுறை அரைத்தால் போதும் என்ற நிலை உண்டானது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையில்லாமல் வழங்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்தபோது ஏழை வீட்டிலும் இட்லி அன்றாட உணவாகும் வாய்ப்பு விரிந்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘அம்பை 16’ என்ற குட்டையான பருமன் அரிசி இட்லி மாவுக்கு ஏற்றதாகப் பெயர் பெற்றது.

ஆட்டுரல் பல வீடுகளில் புறவாசலுக்குப் போனது. ஆனால் இயந்திரம் வந்ததாலேயே பெண்களின் சமையல் நேரம் அதே அளவில் குறைந்துவிடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை செய்த இட்லி தினமும் செய்யப்படும் உணவானது. ஒரு துவையல் போதும் என்ற வீட்டில் சட்னியும் சாம்பாரும் எதிர்பார்க்கப்பட்டன. இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தின் ஒரு பகுதியைக் கூடிய எதிர்பார்ப்பு எடுத்துக்கொண்டது.

பள்ளியில் சமைக்கும் சோறு

சமையலின் ஒரு பங்கு வீட்டைவிட்டு வெளியே சென்றதும் இந்த வட்டாரத்தின் வரலாற்றில் முக்கியமானது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. கம்பும் சோளமும் விளையும் கரிசல் ஊரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நெல்லுச்சோறு கிடைத்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது.

மதிய உணவு இருந்தும், காலையில் உண்ணாமல் வரும் பிள்ளைகளின் பிரச்சினை நீடித்தது. விடியுமுன் வேலைக்குப் போகும் பெற்றோரின் வீட்டில் காலையில் சமைக்க ஆளில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயற்படுத்தப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 அன்று அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாருடன் நாள்முறை வைத்து வழங்கப்படுகின்றன. பட்டியலில் இருப்பவை அனைத்தும் ஒரே பாத்திரத்தில் விரைவாக முடியும் உணவுகள். கூட்டாஞ்சோறு பொங்கிய வீடுகள் கண்டறிந்த அதே வழியைப் பள்ளிச் சமையற்கூடமும் பின்பற்றுகிறது. ஊர்ப்புறங்களில் இதைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். வீட்டில் கூலியின்றிச் செய்யப்பட்ட காலைச் சமையலின் ஒரு பகுதிக்கு இங்கே ஊதியம் கிடைக்கிறது.

இன்றைய நிலை

இன்று நெல்லை நகரிலும் சிற்றூர்களிலும் பெட்டிக்கடை வரை அரைத்த மாவு பொட்டலமாகக் கிடைக்கிறது. பல இடங்களில் அதை அரைத்து விற்பவர்களும் பெண்களே. காலையில் இட்லி அல்லது தோசை, மதியத்துக்கு டிபன் பெட்டியில் எலுமிச்சைச் சோறோ தக்காளிச் சோறோ என்பது வேலைக்குச் செல்லும் வீடுகளின் பொது முறை. உளுந்தஞ்சோறும் கூட்டாஞ்சோறும் விடுமுறை நாள் சமையலாகப் பல வீடுகளில் ஒதுங்கிவிட்டன. பிரஷர் குக்கரில் ஒரே தடவையில் முடிந்துவிடும் உணவுகள் அவை என்பதால், அவசர நாளுக்கும் அவையே மிகப் பொருத்தமானவை.

ஒருகாலத்தில் வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்ட பழையசோறு இன்று உணவகங்களில் மண்சட்டியில் விலைக்கு வருகிறது. வயல் வேலைக்குப் போனவர் அதை உண்டதற்கும் நகரத்தில் ஒருவர் அதை விரும்பி வாங்குவதற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னவருக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. பழையதின் குணத்தைப் போற்றும்போது, அதற்காக நெல் அவித்துக் குத்திய கைகளையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.